சுண்ணாம்புக்கல் குழியில் பாசி கல்லாகிறது, குற்றாலத்தில் ஏன் ஆவதில்லை?

கமலைமேடு (தாழையூத்துக்கு வடக்கே)

எங்கள் வயலுக்குப் பின்னால் ஒரு பழைய கல்வெட்டாங்குழி இருக்கிறது. சுண்ணாம்புக்கல் எடுத்த குழி, தாத்தா காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். அதன் கிழக்குச் சுவரில் ஒரு வெடிப்பு, அதிலிருந்து வருஷம் பூரா சன்னமாகத் தண்ணீர் கசியும், சித்திரை வெயிலில்கூட நிற்காது. வெடிப்பை விட்டு வெளியே வருகிற இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் ஈரப்பாறை. ஆனால் சுவரில் வழிந்து இரண்டு ஆள் உயரம் கீழே ஒரு திட்டில் விழுந்து சிதறுகிறது பாருங்கள், அங்கேதான் வேடிக்கை. திட்டு முழுக்கப் பாசி. நுனி பச்சைப்பசேல் என்று மெத்தென்று இருக்கிறது, அரை விரல் கீழே போனால் அதே பாசி வெள்ளையும் பழுப்புமாக விறைத்துக் கல்லாக நிற்கிறது. ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து கிடந்தது, எடுத்துப் பார்த்தால் உள்ளே வேப்பங்காம்பு, நத்தைக்கூடு, ஒரு இலையின் நரம்புகூட அப்படியே பதிந்திருக்கிறது. இலையைக் காணோம், அச்சு மட்டும் இருக்கிறது. கையில் தூக்கினால் கனமே இல்லை, உள்ளே எல்லாம் ஓட்டை.

ஆர்ஓ மாட்ட வந்த பையனின் டிடிஎஸ் மீட்டரை, தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பை அளப்பதை, வாங்கி வைத்துப் பார்த்தேன். வெடிப்பில் 740, திட்டுக்குக் கீழே தேங்கும் இடத்தில் 700. பிஎச் தாள் வெடிப்பில் 7 காட்டியது, கீழே 8க்கு மேல்.

என் கேள்வி இரண்டு. ஒன்று, வெடிப்பிலேயே படியாமல் இரண்டு ஆள் உயரம் கீழே வந்து ஏன் படிகிறது? இரண்டாவது, குற்றாலத்திலும் பாசி இருக்கிறது, தண்ணீர் இதைவிடப் பல மடங்கு அடித்து விழுகிறது, அங்கே பாசி வழுக்கி மண்டை உடைகிறதே தவிர ஒரு நாளும் கல்லாகிப் பார்த்ததில்லை. ஏன்?

ஊரில் ஒரு பெரியவர் சித்தர் சாபம் என்கிறார். பொதிகை இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரு சித்தர் கிடைத்துவிடுகிறார், அதனால் அதை விட்டுவிடலாம்.

கரிசல்காட்டான் (சங்கரன்கோவில் பக்கம்)

இதில் என்ன அதிசயம் அண்ணாச்சி, தண்ணீர் வெயிலில் வற்றுகிறது, உள்ளே இருந்த சுண்ணாம்பு மிஞ்சுகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் நடக்கிற சங்கதிதான். எங்கள் கரிசலில் கொஞ்சம் தோண்டினாலே சுக்கான் கல் உருண்டை உருண்டையாக வரும், அதுவும் இப்படி உண்டானதுதான். குற்றாலத்தில் தண்ணீர் வற்றவே நேரம் இல்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது, அதனால் படியவில்லை.

பழையபோர்வெல் (பாளையங்கோட்டை)

வற்றுவது இல்லை தம்பி. பதில் கேள்வியிலேயே இருக்கிறது, அண்ணாச்சி எழுதிய எண்களைப் பாருங்கள். தண்ணீர் வற்றித்தான் சுண்ணாம்பு படிகிறது என்றால் மிச்சத் தண்ணீர் கெட்டிப்பட்டிருக்க வேண்டும், டிடிஎஸ் ஏறியிருக்க வேண்டும். இங்கே 740 இறங்கி 700 ஆகியிருக்கிறது. அந்த மீட்டர் பத்து இருபது முன்னே பின்னே காட்டும், சரி, ஆனால் ஏறவில்லை என்பது நிச்சயம். ஏறியது பிஎச், அது ஏறினால் அமிலத்தன்மை குறைகிறது. தண்ணீரில் இருந்து ஏதோ ஒரு அமிலச் சமாச்சாரம் வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். போனது கார்பன் டை ஆக்சைடு. இன்னும் சந்தேகம் இருந்தால் அந்தத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்காது. வற்றிப்போய்ப் படிந்திருந்தால் கூடவே சாப்பாட்டு உப்பும் படிந்திருக்கும்.

கதை மேலே வயலில் ஆரம்பிக்கிறது. மழைத்தண்ணீர் காற்றில் இருந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாக இறங்குகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மைதான், ஆனால் அது கொசுறு. வெளிக்காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான். மண்ணுக்குள் வேர் மூச்சு விடுகிறது, இலை தழை மக்குகிறது, நுண்ணுயிர்கள் தின்று வாயு விடுகின்றன, வெளியே போக வழி இல்லாமல் அது மண் இடுக்கிலேயே தேங்குகிறது. மண்ணுக்குள் இருக்கும் காற்றில் 1 சதவீதம் என்பது சாதாரணம், ஈரமான மக்கிய மண்ணில் அதற்கு மேலும் போகும். இறங்குகிற தண்ணீர் அதைக் குடித்துக்கொண்டு கீழே இருக்கிற சுண்ணாம்புக்கல் மேல் போய் உட்கார்கிறது. உங்கள் பக்கம் கீழே இருப்பது பளிங்காகவே மாறிப்போன பழைய சுண்ணாம்புக்கல், அதை நம்பித்தான் தாழையூத்தில் சிமெண்ட் ஆலையே வந்தது. கல்லும் தண்ணீரும் அந்த வாயுவும் சேர்ந்தால் கால்சியம் பைகார்பனேட், அது கரைந்த நிலையிலேயேதான் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக வரும்.

இதில் கணக்கு சுவாரசியமானது. வெளிக்காற்றோடு சமாதானமாக இருக்கிற சுத்தமான தண்ணீரில், நம் ஊர்ச் சூட்டில், லிட்டருக்குச் சுமார் 50 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல்தான் கரையும். 1 சதவீதம் வாயு உள்ள மண்காற்றோடு இருந்த தண்ணீரில் அதுவே 150 பக்கம். வாயு 25 மடங்கு கூடினால் கல் 3 மடங்குதான் கூடுதலாகக் கரைகிறது, ஆனால் அந்தக் கூடுதல் 100 மில்லிகிராம்தான் உங்கள் திட்டுக்கு மூலதனம். வெடிப்பைத் தாண்டி வெளியே வந்ததும் தண்ணீருக்குத் தெரிவது வெறும் 0.04 சதவீதம். உள்ளே அடைத்து வைத்த வாயு ஓட ஆரம்பிக்கிறது. வாயு போகப்போக பிஎச் ஏறும், பைகார்பனேட்டில் ஒரு பங்கு கார்பனேட்டாக மாறும், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கால்சைட் என்கிற சுண்ணாம்புப் படிகமாக இறங்கும். இப்படிச் சாதாரணக் குளிர்ந்த ஊற்றில் படிகிற ஓட்டைக் கல்லுக்கு டூஃபா என்று பெயர். வெந்நீர் ஊற்றில் படிவது, துருக்கியில் பாமுக்கலேயில் வெள்ளை வெளேர் என்று பாத்தி கட்டி நிற்கிறதே, அது இதன் பங்காளி, இன்னும் கெட்டியானது.

ஏன் வெடிப்பிலேயே படியவில்லை என்றால், இரண்டு காரணம். வாயு தண்ணீரின் மேல்பரப்பு வழியாகத்தான் போக முடியும், அதற்கு நேரம் வேண்டும். வெடிப்பில் இன்னும் அது உள்ளேதான் இருக்கிறது, உங்கள் தாள் 7 காட்டியது அதனால்தான். அடுத்தது, கரைசல் கொஞ்சம் மிஞ்சிவிட்டது என்றதும் கால்சைட் படிந்துவிடாது, அதற்கு ரொம்ப யோசனை. ஓடைகளில் பார்த்தால் கரையக்கூடிய அளவைப் போல 5 முதல் 10 மடங்கு வரை மிஞ்சிய பிறகுதான் படிவதே கண்ணுக்குத் தெரிகிற வேகத்துக்கு வரும். சுவரில் மெல்லிய படலமாக வழியும்போது பாதி வாயு போகிறது, திட்டில் அடித்துச் சிதறும்போது பரப்பு பல மடங்கு கூடி மிச்சமும் போகிறது, அங்கே எல்லை தாண்டுகிறது.

குற்றாலத்துக்கு இப்போது பதில் சுலபம். அங்கே வாயு போகத் தடை இல்லை, உலகத்திலேயே அதைவிட நன்றாகத் தண்ணீரை அடித்துச் சிதற வைக்க முடியாது. ஆனால் அந்த மலை சார்னோகைட், நைஸ் என்கிற கடினப் பாறைகள், சுண்ணாம்புக்கல் இல்லை. அந்தப் பாறையில் இருந்து கால்சியம் வருவது மிக மெதுவாக, தண்ணீரோ மழை பெய்த சூட்டிலேயே மலையை விட்டு இறங்கிவிடுகிறது. படிய வைக்கச் சரக்கே இல்லை. பாபநாசத்திலும் இதே கதைதான். அங்கே குளித்தால் சோப்பு போகவே போகாது, வழுவழு என்று நிற்கும், கவனித்திருப்பீர்கள், தண்ணீரில் சுண்ணாம்பு இல்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

கமலைமேடு

நன்றி அண்ணாச்சி, இவ்வளவு விவரமாக யாரும் சொன்னதில்லை. இரண்டு சந்தேகம் பாக்கி. எங்கள் போர் தண்ணீரும் அதே பாறையில் இருந்துதான் வருகிறது, சிண்டெக்ஸ் தொட்டியில் அப்படி ஒன்றும் கல் கட்டவில்லை, ஆனால் வீட்டில் இட்லிக் கொப்பரை அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுகிறது, அம்மா புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய்விட்டாள். அதுவும் இதுவும் ஒன்றா? அப்புறம், பாசிக்கு இதில் பங்கு உண்டா, இல்லை சும்மா அகப்பட்டுக்கொண்டதா? உயிரோடு இருக்கிற பாசி எப்படிக் காலுக்குக் கீழே கல்லாகிக்கொண்டே மேலே வளர்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

ஊரில் ஒருவர் இது பத்தாயிரம் வருஷப் பழசு, கார்பன் பரிசோதனைக்கு அனுப்பலாம், பத்திரிகையில் போடலாம் என்று வேறு கிளம்பியிருக்கிறார்.

பழையபோர்வெல்

கொப்பரையில் இருப்பது அதே கால்சைட், அதே வேதியியல். நீங்கள் வாயுவை அடுப்பு வைத்து விரட்டுகிறீர்கள், குழியில் அது தானாகப் போகிறது. புளியின் அமிலம் அதைத் திரும்பக் கரைக்கிறது. தேய்ப்பதற்குப் பதில் புளித்தண்ணீர் ஊற்றி ராத்திரி முழுக்க ஊற வைக்கச் சொல்லுங்கள், அம்மாவுக்குக் கை வலி மிச்சம். தொட்டியில் மூடி இருக்கிறது, தண்ணீர் அசையாமல் ஆழமாக நிற்கிறது, வாயு போக நேரம் ஆகிறது, அதற்குள் செலவழித்துவிடுகிறீர்கள். தொட்டிக்குள் குழாய் வந்து விழுகிற வாயைத் தடவிப் பாருங்கள், அங்கே சொரசொரப்பு இருக்கும்.

இன்னொன்று, கடினத்தன்மை என்று மொத்தமாகச் சொல்வதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரத்தில் மொத்தக் கடினத்தன்மை 200 வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 600 வரை போகலாம் என்று இருக்கிறது. ஆனால் 600 உள்ள எல்லாத் தண்ணீரும் கல் கட்டாது. கால்சியம் குளோரைடாகவோ சல்பேட்டாகவோ இருந்தால் வாயு போனாலும் ஒன்றும் ஆகாது, பைகார்பனேட் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கடலோரக் கிணறுகளில் டிடிஎஸ் இரண்டாயிரம் தாண்டினாலும் பெரும்பகுதி சாப்பாட்டு உப்புதான், பாசி கருகுமே ஒழியக் கல்லாகாது. ஆய்வுக்கூடத்தில் கொடுப்பதாக இருந்தால் கால்சியம், ஆல்கலினிட்டி இரண்டையும் கேளுங்கள், பைகார்பனேட் எவ்வளவு என்று ஆல்கலினிட்டி காட்டும். பாட்டிலை வெடிப்பிலேயே கழுத்து வரை நிரப்பிக் காற்றுக் குமிழி இல்லாமல் மூடுங்கள், பிஎச் அங்கேயே பார்த்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டு வருவதற்குள் பாதி வாயு போய்விடும், அப்புறம் வருகிற எண் உங்கள் ஊற்றின் எண் இல்லை.

வயசு விஷயம். அந்த நண்பரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மேலே சொன்ன வினையில், கரைந்த பைகார்பனேட்டில் பாதிக் கார்பன் மண்ணில் இருந்து வந்த புதுக் கார்பன், மற்றப் பாதி அந்தப் பழைய சுண்ணாம்புக்கல்லில் இருந்து வந்தது. பழைய கல்லில் கதிரியக்கக் கார்பன் 14 துளியும் மிச்சம் இல்லை, எப்போதோ செத்துப்போயிற்று. கார்பன் 14 பாதியாகக் குறைய 5730 ஆண்டுகள். ஆகவே பாதி செத்த கார்பன் கலந்தால், நேற்றுப் படிந்த கல்லுக்கும் பரிசோதனையில் ஐயாயிரத்துச் சொச்சம் வயசு வர வாய்ப்பு உண்டு. வழியில் மண்காற்றோடும் வெளிக்காற்றோடும் கொடுக்கல் வாங்கல் நடப்பதால் அவ்வளவு தூரம் போகாமல் இருக்கலாம், ஆனால் திருத்தாமல் அந்த எண்ணைப் பத்திரிகையில் போட்டால் மானம் போகும். அந்தக் குழி வெட்டியதே தாத்தா காலத்தில் என்றால், குழிச் சுவரில் இருக்கிற திட்டு அதைவிடப் பழசாக எப்படி இருக்கும்?

சுனைப்பாசி (அம்பாசமுத்திரம்)

பாசி பற்றி நான் சொல்கிறேன், தாவரவியல் பாடம் எடுத்த பழக்கம்.

பாசிக்குப் பங்கு உண்டு தம்பி, ஆனால் நாம் நினைக்கிற பங்கு இல்லை. ஒளிச்சேர்க்கையில் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுக்கிறது, அதனால்தான் கல் படிகிறது என்று நிறையப் பேர் எழுதுவார்கள். தேங்கி நிற்கிற தண்ணீரில், மெதுவாக ஓடுகிற இடத்தில் அது சரி, இலையைச் சுற்றி ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் பிஎச் நன்றாகவே ஏறும். தண்ணீர் அடித்துச் சிதறுகிற இடத்தில் காற்றுக்குப் போகிற வாயுதான் அதிகம், பாசி உறிஞ்சுவது சொற்பம். ராத்திரியிலும் படிவது நிற்பதில்லை, அதுவே சாட்சி. பாசியின் பெரிய உதவி இடம் கொடுப்பது. ஆயிரக்கணக்கான குட்டி இலைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு சொட்டுத் தண்ணீர், பரப்பு அவ்வளவும் படிகம் உட்காரத் தோது. அந்த இலைகளின் மேல் நீலப்பச்சைப் பாசி என்கிற சயனோபாக்டீரியா வழவழப்பாக ஒரு பசை விட்டிருக்கும், முதல் படிகங்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்.

பாசிக்கு வேர் கிடையாது. நுனியில் வளரும், அடிப்பகுதி தானாகவே செத்துக்கொண்டு வரும், கல்லானாலும் ஆகாவிட்டாலும் அது அப்படித்தான். ஆகவே கல் பாசியைக் கொல்வதில்லை, செத்த அடியைத்தான் மூடுகிறது. கல்லின் வேகமும் நுனியின் வேகமும் ஏறக்குறைய ஒத்துப்போனால் திட்டு உயர்ந்துகொண்டே போகும். உள்ளே மூடப்பட்ட தண்டு மக்கிப் போனதும் அந்த இடம் ஓட்டை, நீங்கள் கனமே இல்லை என்றது அதனால். இலை அச்சும் அப்படித்தான், இலை அழுகும் முன் மேலே ஒரு தோல் படிந்துவிட்டது.

குரோஷியாவில் பிளிட்விச் ஏரிகள் என்று 16 ஏரிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, 1979ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அந்த ஏரிகளுக்கு அணை கட்டியதே இந்தப் பாசியும் கால்சைட்டும்தான், இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது, நல்ல இடத்தில் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில். இங்கிலாந்தில் நேர்ஸ்பரோ என்ற ஊரில் ஒரு ஊற்றுக்கு அடியில் கரடி பொம்மையும் தொப்பியும் கட்டித் தொங்கவிட்டு, சில மாதத்தில் கல்லானதும் காட்டுகிறார்கள், 1630ல் இருந்து டிக்கெட் போடுகிற இடம். நம் நாட்டில் டேராடூன் பக்கம் சகஸ்ரதாராவில் பாறைக்கூரையில் இருந்து சுண்ணாம்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டிப் படிவதைப் பார்க்கலாம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள், திட்டைச் சுரண்டாதீர்கள். மேலே வயலுக்கு டிஏபி போடுகிறீர்களா? அந்த உரத்தில் இருக்கிற பாஸ்பேட் தண்ணீரில் கலந்தால் கால்சைட் படிகத்தின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை வளரவிடாது, பாசியை அமுக்கி நூல் நூலாக வேறு பாசியும் வளரும். ஐரோப்பாவில் பல ஊற்றுகளைக் கெடுத்தது அது.

கமலைமேடு

டிஏபி போடுகிறோம் அக்கா, கிழக்கு வயலில். ஒன்று கவனித்தேன், ஐப்பசி கார்த்திகை மழை பலமாகப் பிடித்தால் கசிவு பெருகி ஓடும், அப்போது திட்டு வெள்ளையாக இல்லாமல் மண்ணடித்துக் கொஞ்சம் கரைந்த மாதிரி இருக்கிறது. தையில் திரும்ப வெளுக்கிறது. உரம் காரணமா, மழை காரணமா?

சுனைப்பாசி

தையில் திரும்பி வருகிறது என்றால் மழைதான். அடைமழையில் தண்ணீர் கல்லோடு உட்கார்ந்து பேச நேரம் இல்லாமல் வெடிப்பு வழியே நேராக ஓடி வருகிறது, பசியோடு வருகிற தண்ணீர், படிய வைக்காமல் இருப்பதையே கொஞ்சம் தின்னும். மழை விட்டதும் மண் ஈரமாக, வேரெல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிற காலம், வாயு நிறைய, ஓட்டமும் நிதானம். மார்கழி, தை, மாசிதான் உங்கள் திட்டுக்குப் பருவம். துண்டை வெட்டிப் பார்த்தால் வெள்ளை, பழுப்பு என்று மாறி மாறிக் கோடு தெரியும், பழுப்பு அந்த மண்ணடித்த காலம். திட்டின் ஓரத்தில் ஒரு பித்தளைக் கம்பியை நட்டுவைத்து அடுத்த தையில் எவ்வளவு மூடியிருக்கிறது என்று அளந்தால் வளர்ச்சி வேகம் தெரிந்துவிடும், பரிசோதனைக்கூடமே வேண்டாம்.

கரிசல்காட்டான்

சரி, திட்டு விஷயத்தில் வற்றுவது இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஆனால் சுக்கான் கல்லுக்கு நான் சொன்னது சொன்னதுதான். அங்கே ஊற்றும் இல்லை, அருவியும் இல்லை.

பழையபோர்வெல்

சுக்கானுக்கு நீங்கள் சொன்னது பெரும்பாலும் சரிதான் தம்பி. மழை குறைந்த ஊரில் தண்ணீர் மண்ணுக்குள் இறங்குகிறது, கீழே போய்ச் சேரும் முன்னால் வெயிலும் செடியின் வேரும் அதை உறிஞ்சிவிடுகின்றன, சுண்ணாம்பு அங்கேயே உருண்டை கட்டுகிறது. மண்ணுக்குள் உண்டான கல் அது. டூஃபா வெளியே, ஓடுகிற தண்ணீரில் உண்டாகிறது. இரண்டையும் உடைத்தால் தெரியும், சுக்கானில் பாசி அச்சு கிடைக்காது.

எலுமிச்சைத்தோப்பு (புளியங்குடி)

இத்தனை நாள் சத்தம் போடாமல் படித்துக்கொண்டிருந்தேன், ஒரே ஒரு கேள்வி. என் சொட்டுநீர்க் குழாயில் துளை எல்லாம் வெள்ளையாக அடைக்கிறது. குத்திக் குத்தி விட்டாலும் பதினைந்து நாளில் திரும்ப அடைக்கிறது. அதுவும் இந்தச் சாதிதானா?

பழையபோர்வெல்

இதே சாதிதான் அண்ணாச்சி. கிணற்றுத் தண்ணீர் துளையில் வந்து சொட்டும்போது வாயு போகிறது, வெயிலில் கறுப்புக் குழாய் வேறு கொதிக்கிறது, தண்ணீர் விட்டு முடித்ததும் துளையில் தங்குகிற கடைசிச் சொட்டு வற்றுகிறது, இங்கே கரிசல்காட்டான் தம்பி சொன்ன வற்றலும் சேர்ந்துகொள்கிறது. குத்துவதை விட்டுவிடுங்கள், துளைதான் பெரிதாகும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெஞ்சுரி (குழாயில் உரம் கலந்து விடுகிற கருவி) வழியாகக் கொடுத்து, கடைசிக் குழாயின் வால்பக்கம் பிஎச் 4 வரும்வரை விடுங்கள், அப்புறம் மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் அப்படியே வையுங்கள், மறுநாள் வால்மூடிகளைத் திறந்துவிட்டு நன்றாக ஓடவிட்டுக் கழுவுங்கள். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. அன்றைக்கு பிளீச்சிங் பவுடரோ குளோரினோ அந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள், இரண்டும் சேர்ந்தால் கிளம்புவது விஷவாயு.